மூன்றாவது கணினி

பிள்ளைகள் கணினி வழியாக எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று ஆராய்வதுதான் என் தொழில். இதற்கெல்லாம் சம்பளமா என்று என் வீட்டிலேயே சிரிப்பார்கள். அந்தப் பேச்சை வைத்துத்தான் பேராசிரியரானேன். எப்படி ஆனேன் என்பதை இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் டவுன் பஸ்ஸில் புதன்கிழமைதோறும் ஒரு அரசுப் பள்ளிக்குப் போவேன். பத்தாம் வகுப்பு மாணவிகள், நான்கு கணினிகள். மதியம் ஒரு மணி நேரம் சென்னைப் பள்ளி ஒன்றின் பிள்ளைகளோடு எழுத்தில் உரையாடுவார்கள். ஒரு கணினிக்கு மூன்று பேர். ஆனால் உள்ளே நுழைய ஒரே ஒரு பெயர். யார் சொன்னதானாலும் அந்தப் பெயரில்தான் பதிவாகும். அப்படி வைத்தது நான்தான். எண்ணுவதற்கு வசதியாக இருந்தது.

மூன்றாவது கணினிக்கு நிலபுலமுள்ள ஒரு விவசாயி மகளின் பெயர். அந்தப் பதிவுகளைப் படித்தால் எனக்குச் சிலிர்க்கும். ஏரி வற்றினால் போர் போடலாமே என்று சென்னைப் பிள்ளைகள் கேட்டதற்கு இப்படிப் பதில் வந்தது: "உங்களுக்குத் தண்ணி இல்லன்னா லாரி வரும். எங்களுக்கு ஏரி வத்துனா மொதல்ல நத்தை போவும். அப்பால சோறு போவும்."

நத்தையை எப்படிப் பிடிப்பீர்கள் என்று ஒருவன் உடனே கேட்டிருந்தான். அதற்குள் மணி அடித்துவிட்டது. உருவகம் புரியவில்லை, பாவம், என்று சிரித்துக்கொண்டேன். 'நத்தை, வறுமையின் அழகான உருவகம்' என்று கட்டுரையும் எழுதினேன். ஏகப்பட்ட பாராட்டு.

இந்த உரையாடல் திட்டத்தின் முடிவில் ஒரே ஒரு மாணவிக்குச் சென்னையில் விடுதியோடு பிளஸ் டூ வரை படிக்க இடம். உரையாடல் பதிவே சான்று என்ற விதியையும் நான்தான் எழுதினேன். மூன்றாவது கணினியின் பெயரைக் கொடுத்தேன்.

சென்னைக்குப் போன பெண் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று தகவல் வந்தது. போய்க் கேட்டேன். மறைக்கத் தெரியாத பிள்ளை.

"நான் டைப்புதான் அடிச்சேன் மிஸ். சொன்னதெல்லாம் அவதான், பின்னாடி நின்னுக்கினு."

ஏரிக்கரை இருளர் குடிசைகளிலிருந்து வருகிற பெண்ணைச் சொன்னாள். வாராவாரம் அந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்பவள். திரை நன்றாகத் தெரியவேண்டும் என்று நிற்கிறாள் என நினைத்திருந்தேன்.

"அவளை ஏன் உக்கார வைக்கல?"

"உக்கார மாட்டா மிஸ். எங்க தெருவுல யாரு வூட்டாண்ட வந்தாலும் அவங்க நின்னுக்கினுதான் பேசுவாங்க."

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கும் அது புதிதில்லை. என் பிறந்த வீட்டு வாசலிலும் அப்படித்தான் நின்றார்கள். அதனால்தான் கண்ணெதிரே ஒருத்தி நின்றது என் கண்ணை உறுத்தவில்லை. நத்தை உருவகமும் இல்லை, அவள் வீட்டுக் குழம்பு. டிராக்டர் நிற்கிற வீட்டில் யார் நத்தை தின்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. என் படிப்பைத் தூக்கிக் குப்பையில்தான் போடவேண்டும்.

திட்ட அலுவலகத்தில் கெஞ்சினேன். பதிவில் அவள் பெயர் இல்லையே என்று என் விதியை எனக்கே படித்துக் காட்டினார்கள்.

அவள் குடிசை காலியாகக் கிடந்தது. "இங்க யாரு கீறாங்க? எல்லாம் வாலாஜாபாத் பக்கம் ரைஸ் மில்லுக்குப் பூட்டாங்க" என்றாள் பக்கத்துக் குடிசைக்காரி.

தேடிப் போனபோது, மில் களத்தில் அவள் அவித்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். வெயிலில் சிமெண்டுத் தரை கொதித்தது. அந்த இடம் உனக்கு வந்திருக்க வேண்டியது, தப்பு என்னுடையது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். அவள் கேட்டது வேறு.

"நத்தைய எப்டிப் புடிப்பீங்கன்னு மெட்ராஸ் பையன் கேட்டானே மிஸ். பெல் அடிச்சிட்டாங்க. அதுக்கு யாராச்சும் பதில் போட்டாங்களா?"

"போட்டாங்க" என்றேன்.

யாரும் போடவில்லை. அவள் திரும்பக் களத்துக்குப் போனாள். நான் அந்தக் கட்டுரையைக் காட்டி அடுத்த வருடம் வேலையில் சேர்ந்தேன். நத்தையைப் பற்றிய வரி இன்றும் அப்படியே இருக்கிறது.