தெருமுனை வரைக்கும்

ஜெர்மனிக்கு வந்த புதிதில் குளிரைவிட என்னை அசரவைத்தது வேறு. நான் சமைக்கும் ஓட்டலில் பாத்திரம் கழுவும் சபீனா ஒரு நாள் சீக்கிரம் கிளம்பினாள். மகளை மனநல டாக்டரிடம் கூட்டிப்போகிறாளாம். பல் டாக்டரிடம் போகிற மாதிரி எல்லார் காதிலும் விழச் சொன்னாள். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "சாரி, சாரி" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "எதுக்கு சாரி? அவளுக்கு இப்ப தேவலையாகுதே" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனாள். என் மகள் பவானியும் அப்போது திருவண்ணாமலையில் படுத்துத்தான் கிடந்தாள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் வரும் ஓட்டலில் சமைத்தேன். அங்கே சாப்பிட்ட ஒருவர் மூலமாகத்தான் இந்த வேலை. பவானி பத்தாவதில் நல்ல மார்க். பதினொன்றாவது பாதியில் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள். தலை வாரவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால் எழுவதில்லை. மஞ்சள்காமாலை என்று என் மனைவி வசந்தா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தாள். சொல்லச் சொன்னவன் நான். சென்னையில் ஒரு டாக்டரம்மா பார்த்து, இது சோம்பல் இல்லை, மனச்சோர்வு என்றார். அடிக்கடி பஸ்ஸில் போய்வர பவானியால் முடியவில்லை. அதனால் புதன்கிழமைதோறும் அவரே வீட்டுப் போனில் அவளோடு பேசினார். வாரம் ஒரு சின்ன வேலை கொடுப்பார். குளி. தலை வாரு. செய்வதற்கு முன்னும் பின்னும் மனசு எவ்வளவு கனம் என்று நோட்டில் எழுது. மனசு சரியாகட்டும் என்று காத்திருக்காதே, செய், மனசு பின்னால் வரும் என்பது அவர் வழி.

ஒரு வாரத்து வேலையாக நடக்கச் சொன்னார். எங்கள் ஊரில் நடப்பது என்றால் மலையைச் சுற்றுவது. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. "பௌர்ணமிக்குக் கூட்டிக்கினு போ. ஒரு சுத்து வந்தா சரியாப்பூடும்" என்று வசந்தாவிடம் சொன்னேன். பதினாலு கிலோமீட்டர், வெறுங்கால், வழியெல்லாம் தெரிந்த முகம். "காமாலை போச்சாடி? இன்னா இப்டி எளச்சிட்ட?" பாதி வழியில் பவானி உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோவில் ஏற்றிவந்தார்கள். பிறகு நோட்டைத் தொடவில்லை. புதன்கிழமை போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. "நான் எதுக்கும்மா இருக்கணும்னு கேக்கறாளே" என்று வசந்தா என்னிடம் அழுதாள்.

டாக்டரம்மாவுக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெருமுனை வரைக்கும்தாங்க நடக்கச் சொன்னேன்."

"ரொம்ப கம்மியா இருக்கேனு நெனச்சிட்டேம்மா."

"கம்மியாத்தான் இருக்கணும். அவ முடிச்சிட்டு வீட்டுக்கு வரணும் இல்லியா?"

அன்றைக்கே கார் பிடித்துப் பவானியைச் சென்னைக்குக் கூட்டிவரச் சொன்னார். சில நாள் தன் பார்வையிலேயே வைத்திருந்து அனுப்பினார். "இனிமே ஞாயித்துக்கெழம நீங்க பேசும்போது புத்திமதி வேணாங்க" என்றார். எனக்கு அதைவிட்டால் பேச என்ன இருக்கிறது? அந்த ஞாயிறு வசந்தா ரிசீவரைப் பவானி காதில் வைத்தாள்.

"பாப்பா, மலைய சுத்தச் சொன்னது நான்தான். தப்பு பண்ணிட்டேன். நீ நம்ம தெருமுனை பால் பூத் வரைக்கும் போ, போதும். நானும் இங்க தெருமுனை வரைக்கும் போறேன்."

ரிசீவரை அவளே கையில் வாங்கிக்கொண்டாளாம்.

"அங்க இன்னா இருக்குது?"

"ஒரு மஞ்சப் பொட்டி. தபால் பொட்டி."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

முதல் நாள் அவள் வாசல் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினாளாம். பால் பூத் போய்ச்சேரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. புதன்கிழமை போனை அவளே எடுத்தாள். முழுதாகத் தேறிவிட்டாள் என்று எழுத மாட்டேன். எழுந்திருக்க முடியாத நாள் இன்னும் வருகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை முதல் கேள்வி இப்போது அவளுடையது. "நடந்தியாப்பா?"

சபீனாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் சாரி சொல்லவில்லை. "மகள் பேர் என்ன?" என்று கேட்டாள். நான் வெளியே போகிற பத்து நிமிஷம் என் அடுப்பை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

அவள் நடக்கிற நேரத்தில்தான் நானும் நடக்கிறேன். அங்கே சாயந்திரம் ஆறரை. இங்கே பகல் மூன்று. குளிர்காலத்தில் கடிகாரத்தை மாற்றுவார்கள், அப்போது இரண்டு மணிக்கே கிளம்புவேன். நேற்று நாயோடு வந்த ஒரு கிழவி நின்று, ஏதாவது தொலைத்துவிட்டாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் போன பிறகுதான் கவனித்தேன். தபால் பெட்டிவரை வந்து நான் அப்படியே திரும்பியிருக்கலாம். மேடு ஒன்றுகூட இல்லாத இந்த ஊரில், அந்த மஞ்சள் பெட்டியை வலப்பக்கம் வைத்து ஒரு சுற்று வந்துதான் திரும்பியிருக்கிறேன்.