அத்தானின் மங்கின சிவப்பு

என் அக்காவின் கணவர் கணேசலிங்கம் அத்தான் கனடாவின் மொன்றியல் நகரில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறார். குடி இல்லை, சீட்டு இல்லை. இருக்கிற ஒரே பைத்தியம் நகரின் பியர்ஃபொன் பகுதியில் அவர் வீட்டுக் கராஜில் நிற்கிறது: 1977இல் இத்தாலியில் செய்த மோட்டோ குட்ஸி லெ மான் மோட்டார் சைக்கிள். இரண்டு சிலிண்டர்களும் முழங்கைகள் மாதிரி இருபக்கமும் துருத்திக்கொண்டிருக்கும்.

பெற்றோல் தாங்கியின் சிவப்பு மங்கிப்போயிருந்தது. மூடிக்குப் பக்கத்தில் பெருவிரல் நீளத்துக்கு ஒரு கீறல். இந்த மங்கலுக்கும் கீறலுக்கும்தான் பழைய வண்டி சேகரிப்பவர்கள் உயிரை விடுகிறார்களாம்.

"பெயின்ற் எத்தினை தரமும் அடிக்கலாம் ரவி. ஃபக்ரரியில அடிச்சது ஒருதரம்தான்" என்பார் அத்தான்.

நான் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பேன். நான் கார்களுக்குப் பெயின்ற் அடிக்கிறவன். மங்கின வண்டியைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும்.

இந்த ஜூன் மாதம், பழைய இத்தாலிய வண்டிகளுக்கான சங்கத்திலிருந்து பற்றிக் என்பவர் வந்து பார்ப்பதாக இருந்தது. அவருக்குத் திருப்தி என்றால் கண்காட்சியில் 'கைபடாத வண்டிகள்' வரிசையில் இடம் கிடைக்கும். அத்தான் நாலு வருடமாகக் காத்திருந்த இடம். எனக்கோ வேறு யோசனை. வருடப்பிறப்பு வந்தாலே சுவருக்குப் பெயின்ற் அடிக்கிற சனம் நாங்கள். மாப்பிள்ளையை அழுக்கோடா மணவறையில் இருத்துவது?

குளிர்காலம் தொடங்கும்போதே அத்தான் தாங்கியைக் கழற்றிப் போர்வையால் சுற்றி நிலவறையில் வைத்துவிடுவார். இந்தமுறை பற்றிக் வருகிற அன்றுதான் அதைத் திரும்ப வண்டியில் பூட்டுவதாக இருந்தார். அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து அக்கா சிவநேசத்திடம் அதைக் கேட்டேன்.

"அவர் ஏசுவார்" என்றாள் அக்கா.

"கண்டா சந்தோசத்தில அழுதிடுவார், பாருங்கோ."

என் கைகளை ஒருதரம் பார்த்தாள். பிறகு கீழே போய்ப் போர்வைச் சுற்றோடு கொண்டுவந்து தந்தாள்.

மூன்று நாள் வேலை. ஒரு பக்கத்தில் நல்ல நெளிவு. தட்டி, பூசி, தேய்த்து, ஐந்து தரம் சிவப்பு அடித்தேன். அதில் முகம் பார்த்து மீசை வெட்டலாம்.

பற்றிக் வருகிற சனிக்கிழமை காலை, கராஜுக்குள் வைத்துப் போர்வையை இழுத்தேன். அத்தான் கவிழ்த்துவைத்த வாளியில் இருந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. நான் சொன்ன சந்தோசம் அதில் இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததை அந்த முகத்தில்தான் கண்டேன். ஏசியிருந்தாலாவது பரவாயில்லை. மூடியடியைத் தடவிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தக் கீறல் எங்க, ரவி?"

"கீறலோ... எனக்கு ஞாபகமில்லை அத்தான். பெரிய நெளிவு ஒண்டு இருந்தது, அதைத்தான் எடுத்தனான்."

அவர் நிமிர்ந்தார். "நெளிவோ? என்ர ராங்க்கில நெளிவு இல்லையே!"

அப்போதுதான் அக்கா தேத்தண்ணித் தட்டோடு வாசலில் வந்து நின்றாள்.

"நான் குடுத்தது நீங்கள் உதிரிக்கெண்டு வாங்கின மற்ற மங்கின ராங்க். உங்கட ராங்க் கீழ நிலவறையிலதான் கிடக்கு" என்றாள். "தம்பியின்ர கை சும்மா இராதெண்டு எனக்குத் தெரியாதே? தரமாட்டனெண்டு சொன்னா, நான் இல்லாத நேரம் வந்து எடுத்திருப்பான்."

அத்தான் நிலவறைக்கு ஓடினார். அந்த வயதில் அப்படி ஒரு ஓட்டத்தை நான் கண்டதில்லை. திரும்பி வந்தபோது மங்கின சிவப்பைக் கைக்குழந்தை மாதிரி ஏந்தியிருந்தார். கீறல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நானும் அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

பற்றிக் ஆற்றுக்கு அப்பாலுள்ள லவாலிலிருந்து படகேறி, இல்-பிசார் தீவு வழியாக வந்தார். முழந்தாளிட்டு, ரோர்ச் வெளிச்சம் அடித்து அந்தக் கீறலைப் பார்த்துச் சிரித்தார். அத்தானுக்கு இடம் கிடைத்தது.

என்னுடைய பளபளப்புத் தாங்கியும் வீணாகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் அதை வண்டியில் பூட்டிக்கொண்டுதான் இல்-பிசார் பக்கம் ஓடப்போவார். போன கிழமை கராஜ் கதவில் உரசி அதிலும் ஒரு கீறல் விழுந்துவிட்டது. நான் பெயின்ற் டப்பாவோடு போய் நின்றேன்.

அத்தான் இரண்டு கையாலும் தாங்கியை மறைத்தார்.

"கைவைக்காதை! நீ அடிச்சதும் ஒருதரம்தான்."