சந்தனம் வைத்த ராடார் டிடெக்டர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ரொறொன்ரோவில் நான் பல் காவித் திரிந்தேன். என் வாயில் இருக்கிற பல்லைச் சொல்லவில்லை. ஸ்காபரோவில் பொய்ப்பல் செய்கிற சிறிய பட்டறை ஒன்றில் எனக்கு வேலை. அங்கே செய்து முடிக்கும் பல்வரிசைகளைப் பெட்டியில் வைத்து, என்னுடைய சொந்தக் காரில் பல் வைத்தியர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கேட்பதற்கு இலேசான வேலை. ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் மறுபக்கத்தில் யாரோ ஒருவர் வாயைத் திறந்தபடி கதிரையில் சாய்ந்திருப்பார். அவருக்கு வாய் உளைவதற்கு முன் நான் போய்ச் சேர வேண்டும்.

அந்த அவசரத்தில் ஆறு மாதத்துக்குள் இரண்டு தடவை வேகத்துக்கு டிக்கெட் வாங்கினேன். முதலாவது மோர்னிங்சைட் வீதி இறக்கத்தில். இறக்கத்தில் கார் தன்பாட்டில் ஓடிவிட்டது என்று பொலிஸ்காரரிடம் விளங்கப்படுத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பெயருக்கே எழுதினார். இரண்டாவது தடவை நான் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் எழுதினார்கள்.

பட்டறை முதலாளி நல்ல மனிதர். என்னைக் கூப்பிட்டு இருத்தி, இன்னும் ஒரு டிக்கெட் வந்தால் தன்னுடைய இன்சூரன்ஸ்காரர் என்னை வைத்திருக்க விடமாட்டார், மூன்றாவது டிக்கெட்டோடு நீ வீட்டுக்குப் போகலாம் என்றார். சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரும் தந்தார். அம்மா அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் ஒன்றரை வருடமாக இருந்தார். அவரைக் கூப்பிடுவதற்கு நான் போட்ட ஸ்பொன்சர் விண்ணப்பத்தில் இந்தப் பல் வேலைக் கடிதம்தான் முதல் தாள். வேலை போனால் விண்ணப்பம் போகும், அம்மா வரமாட்டார். இரவும் பகலும் எனக்கு இதே யோசனைதான்.

மெதுவாக ஓடினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். வோபர்னில் எங்கள் கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் இருந்த அண்ணையிடம் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்தியவர். இங்கே பாண் தொழிற்சாலையில் மா குழைத்தார். கரண்டில் வேலை செய்கிற எந்தச் சாமானைப் பற்றிக் கேட்டாலும் அவரிடம் பதில் இருக்கும்.

"மெதுவா ஓடுறதும் ஒரு வழிதான் தம்பி. ஆனா அது எங்களுக்குச் சரிவராது. உனக்கு ராடார் டிடெக்டர்தான் வேணும். பொலிஸ் ராடார் அடிச்சா அது முதலே கத்தும். நீ பிரேக்கைப் பிடிக்கலாம்."

மோர்னிங்சைட் பக்கம் ஒரு பிளாசாவின் பின்புறத்தில், காரின் டிக்கிக்குள் வைத்து இதை விற்கிற ஆள் ஒருவரை அண்ணையே பிடித்துத் தந்தார். இது சட்டப்படி சரியோ என்று அந்த ஆளிடம் கேட்டேன்.

"விக்கிறதும் குற்றம், வாங்கிறதும் குற்றம், காருக்குள்ள வைச்சிருக்கிறதும் குற்றம். மற்றும்படி ஒரு பிரச்சினையும் இல்லை," என்றார்.

டிக்கிக்குள் மூன்று விதமான டிடெக்டர்கள் இருந்தன. எது நல்லது என்று அவருக்கும் தெரியவில்லை. "மூண்டையும் கொண்டுபோங்கோ. ஓடிப் பாத்து, பிடிச்சதை வைச்சுக்கொண்டு மிச்சத்தைத் தாங்கோ," என்றார். கலியாணவீட்டுக்குக் கூறைச்சேலை தெரிவுசெய்வது போல மூன்றையும் ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு வந்தோம்.

சனிக்கிழமை காலையில் மூன்றையும் காருக்குள் வரிசையாக வைத்துப் பரிசோதனைக்குப் புறப்பட்டோம். அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. டிடெக்டரைச் சோதிப்பதற்கு ராடார் வேண்டும். ராடாருக்குப் பொலிஸ் வேண்டும். ஆக, நாங்கள் இரண்டு பேரும் பொலிசைத் தேடிப் புறப்பட்டோம். ஊரில் சோதனைச் சாவடி எந்தச் சந்தியில் இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு, வயலுக்குள்ளால் சைக்கிளை உருட்டிக்கொண்டு சுற்றிப் போனவர்கள் நாங்கள். "இந்த உடம்பு பொலிசைத் தேடிப் போறது இதுதான் முதல் தரம்," என்று அண்ணை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஒருவரும் அகப்படவில்லை. பாலத்துக்குக் கீழே பார்த்தோம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பார்த்தோம், எனக்கு டிக்கெட் தந்த அதே இறக்கத்தில் நான்கு தரம் ஏறி இறங்கினோம். மத்தியானம் ஒரு டோனட் கடை வாசலில் ஒரேயொரு பொலிஸ் கார் நின்றது. உள்ளே இருந்தவர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். மூன்று டிடெக்டரும் ஊமையாக இருந்தன.

"ராடாரை நிப்பாட்டி வைச்சிருக்கிறார். ஒருக்காப் போடச் சொல்லிக் கேப்பம்," என்று அண்ணை கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். நான் அவருடைய சேர்ட்டைப் பிடித்து உள்ளே இழுத்தேன். பொத்தான் ஒன்று போனதுதான் மிச்சம்.

களைத்துப்போய் மரக்கறி வாங்குவதற்கு ஒரு சூப்பர் மார்க்கெட் முன்னால் காரை நிறுத்தியபோது மூன்றும் ஒரேயடியாகக் கத்தத் தொடங்கின. பொலிசைக் காணவில்லை. கடையின் தானியங்கிக் கதவு திறந்து மூடிக்கொண்டிருந்தது. அண்ணைக்கு முகம் மலர்ந்தது. கதவுக்கு மேலே இருக்கிற கண்ணும் ஒரு வகை ராடார்தான், பரிசோதனைக்கு அதுவே போதும் என்றார். காரைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னார். ஒன்று, பார்க்கிங்கின் நடுவில் வாயை மூடியது. மற்றது வீதி வரைக்கும் கத்தியது. மூன்றாவதோ மார்க்கம் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போன பிறகும் நிற்கவில்லை. "உதுதான் சாமான். உதைப்போல ஒண்டு அமையாது," என்றார். மார்க்கம் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கதவைக் கண்டுபிடிக்கிற டிடெக்டரை, இந்த நகரத்தில் எத்தனை கதவுகள் இருக்கின்றன என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காமல், நாங்கள் தெரிவு செய்தோம்.

வாகனத்துக்குப் புதிதாக ஒன்றைப் பூட்டினால் பூசை செய்யாமல் ஓடுவது எப்படி? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோனோம். கோயில் ஒரு பண்டகசாலைக் கட்டடத்தில் இருந்தது. ஐயர் பார்க்கிங்குக்கு வந்து, இது என்ன என்று கேட்டார். "வாகனத்துக்கான பாதுகாப்புச் சாமான், ஐயா," என்றார் அண்ணை. என் நட்சத்திரத்தைக் கேட்டு அர்ச்சனை செய்து, காருக்கும் டிடெக்டருக்கும் சந்தனம் பூசினார். டிடெக்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பூசி, நடுவில் குங்குமமும் வைத்து, ஒரு செவ்வரத்தம் பூவையும் செருகினார். கர்ப்பூரம் காட்டும் நேரம் பக்கத்துக் கடையின் கதவு திறந்திருக்க வேண்டும். டிடெக்டர் வீரிட்டது. ஐயர் கண்ணை மூடி, நல்ல சகுனம் என்றார்.

திங்கட்கிழமையிலிருந்து என் நிம்மதி போயிற்று. வங்கி கத்தியது, மருந்துக்கடை கத்தியது, ஆஸ்பத்திரி வாசல் கத்தியது. ஒவ்வொரு கத்தலுக்கும் நான் பிரேக்கை மிதித்தேன். எது கதவு, எது பொலிஸ் என்று பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் துணிவில்லை, ஒவ்வொரு கத்தலும் எனக்கு மூன்றாவது டிக்கெட்டாகத்தான் கேட்டது. பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள், சிலர் விரலும் காட்டினார்கள். பற்கள் எல்லாம் பிந்திப் போய்ச் சேர்ந்தன.

வெள்ளிக்கிழமை ஸ்ரௌவ்வில் என்ற தூரத்து ஊருக்கு ஒரு பெட்டி. மார்க்கம் நகரைத் தாண்டி வயல் வெளி தொடங்கியதும் டிடெக்டர் அமைதியாகிவிட்டது. கதவுகள் இல்லாத இடம் அல்லவா? ஆனால் ஒரு கிழமை கத்திய சாமான் திடீரென்று வாயை மூடியது என்னை இன்னும் பயப்படுத்தியது. பழுதாகிவிட்டதோ என்ற யோசனையில் எண்பதில் போக வேண்டிய வீதியில் நாற்பதில் போனேன். பின்னால் பெரிய வரிசை சேர்ந்துவிட்டது. அந்த வரிசையை விலத்திக்கொண்டு ஒரு பொலிஸ் கார் விளக்கைப் போட்டபடி வந்தது.

நான் வாழ்க்கையில் முதல் தடவையாக, மெதுவாக ஓடியதற்கு மறிக்கப்பட்டேன்.

பொலிஸ்காரர் இளம் ஆள். நான் நலமாக இருக்கிறேனா, மயக்கம் ஏதும் வருகிறதா என்று அக்கறையாகக் கேட்டார். பிறகு கண்ணாடிக்குக் கீழே சந்தனமும் குங்குமமுமாக, காய்ந்த செவ்வரத்தம் பூவோடு இருந்ததைக் கண்டார். அது என்ன என்று கேட்டார்.

எனக்கு அம்மாவின் லொட்ஜ் அறை கண்ணுக்கு முன்னால் வந்தது. "அது எங்கள் சாமி," என்று சொல்லிவிட்டேன்.

அவர் மரியாதையாகத் தலையை அசைத்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய காருக்குள் இருந்த ராடார் எதையோ பிடித்தது. சாமி வீரிட்டது.

"உங்கள் சாமி எப்போதும் இப்படிச் சத்தம் போடுமா?"

"இல்லை, பொலிஸ் வந்தால் மட்டும்," என்றேன். நடுக்கத்தில் வாயில் வந்தது உண்மை.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. பிறகு நிதானமாகச் சொன்னார். தான் எல்லாச் சமயத்தையும் மதிக்கிறவர். அது சாமி என்றால் அவர் தொடமாட்டார், ஆனால் ஒரு டிக்கெட் எழுதித் தருவார், சாமியைக் கொண்டுபோய் நான் நீதிபதிக்குக் காட்டலாம். அது ராடார் டிடெக்டர் என்றால் நானே அதைக் கழற்றி முன் சக்கரத்துக்குக் கீழே வைத்து, மேலால் ஏற்றிவிட்டுப் போகலாம். தான் ஒன்றையும் காணவில்லை என்று இருந்துவிடுவார்.

டிடெக்டரைக் கையில் எடுத்தேன். சந்தனத்தைத் துடைத்துவிடலாம் என்று நகத்தால் சுரண்டினேன். ஒரு கிழமையில் அது சீமெந்து போல இறுகியிருந்தது. காலில் பழைய பேப்பர் பட்டாலே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர் என் அம்மா. அந்த அம்மா வருவதற்கு, அவர் ஒருநாளும் மன்னிக்காத காரியத்தை நான் செய்ய வேண்டியிருந்தது. வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. அழுகை வந்தது. வைத்தேன். ஏற்றினேன்.

இறங்கிப் போய்ச் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"சக்கரமும் சாமியா?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

"இப்போதைக்கு ஓம்," என்றேன். அவர் கொஞ்சம் வேகமாகப் போகும்படி கேட்டுக்கொண்டு போய்விட்டார். ஸ்ரௌவ்விலில் பல்லுக்குக் காத்திருந்தவர் வாயைத் திறந்தபடியே நித்திரையாகியிருந்தார்.

அண்ணையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "காரை ஏத்தேக்க என்ன மாதிரிச் சத்தம் கேட்டது?"

"அப்பளம் நொறுங்கிற மாதிரி, அண்ணை."

"மலிவுப் பிளாஸ்டிக். மற்றதை எடுத்திருக்கலாம்," என்றார்.

அடுத்த வருடம் அம்மா வந்து இறங்கினார். விமான நிலையத்திலிருந்து நானே ஓட்டி வந்தேன். முன் சீட்டில், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எங்களை விலத்திப் போகிற கார்களை அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு வந்தார்.

"எல்லாரும் உன்னை முந்திக்கொண்டு போகினம். நீ இன்னும் வடிவா ஓடப் பழகேல்லையோ தம்பி?"

"இல்லை அம்மா, இன்னும் பழகேல்லை," என்றேன்.