சாயத் தண்ணீரில் நனைந்த பூசை வேட்டி

போன சனிக்கிழமை என் சாயப்பட்டறைக்குப் பூட்டு வந்தது. கொண்டுவந்தவர் பக்கத்து வயல்காரர் சவரிமுத்து அண்ணன்.

அவர் கோபம் நியாயமானதுதான். நூலுக்குச் சாயம் போட்ட தண்ணீர் ஊறி ஊறி அவர் கிணறு சிவந்துவிட்டது. முந்தைய மாதமே வந்து ஒரு மாதம் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் பட்டறைத் தண்ணீர் தெளியாவிட்டால் மூடுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். எனக்கு வேறு தொழில் தெரியாது.

குடிதண்ணீர்ப் பானையில் மணலும் கரியும் போடுகிறோமே... அந்த நினைப்பில் சாயக் கழிவு விழும் தொட்டியில் கரித்தூளைக் கொட்டினேன். தூள் தண்ணீரோடு ஓடிவிட்டது.

“ஏம்ப்பா, செவப்பு பத்தலன்னு கறுப்பும் வுடுறியா?” என்றார் அண்ணன்.

என் மனைவி மங்களம் குமுட்டி அடுப்புக்குக் கரி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். தெரியும்தானே — கரித்தூளையும் களிமண்ணையும் பிசைந்து உருட்டிக் காயவைப்பது.

“இதப் போட்டுப் பாருங்க. ஓடாதுல்ல?” என்றாள்.

போட்டேன். கொஞ்ச நேரத்தில் சேறு.

சுட்டால் கெட்டிப்படும் என்று விறகு நெருப்பில் போட்டேன். கிளறிப் பார்த்தால் கரி முழுக்க எரிந்து, மிச்சம் வெறும் செங்கல் உருண்டை.

மங்களம் சிரித்தாள். “அடுப்பெரிக்கப் புடிச்சத நெருப்புல போட்டா எரியாம என்ன செய்யும்? பானையில வச்சு மூடிச் சுடுங்க.”

பானையில் அடுக்கினேன். வாயை மண் பூசி அடைத்தேன். இந்தத் தடவை கறுப்பாகவே வந்தது, கல் மாதிரி.

தொட்டி நிறைய அதைப் போட்டு மேலே சிவப்புத் தண்ணீரை விட்டேன். கீழே குழாயில் குடிதண்ணீர் மாதிரி தெளிவாக வந்தது. சாயம் கசிந்தால் உருண்டையை மறுபடி பானையில் வைத்துச் சுட்டுக்கொள்ளலாம்.

கரி தனியாக இருந்தால் ஓடிவிடுகிறது. மண் தனியாக இருந்தால் தண்ணீரையே அடைக்கிறது. சேர்த்துச் சுட்டால் இரண்டும் உருப்படுகின்றன. குடும்பமும் இப்படித்தான் என்று எழுதினால் மங்களம் அடிப்பாள்.

தவணை முடிந்த அந்தச் சனிக்கிழமை, பூட்டோடு வந்த அண்ணன் குழாயைப் பார்த்தார். நம்பவில்லை. வீட்டுக்குப் போய், மறுநாள் பூசைக்குக் கட்டும் வேட்டியை எடுத்து வந்தார்.

“ஒரு பொட்டு செவந்தாலும் பட்டறைய மூடுற. புது வேட்டியும் நீதான் வாங்கித் தர்ற.”

“நனைங்க அண்ணே.”

நனைத்தார். பிழிந்தார். வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளை.

பூட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று, இந்த வேட்டி என் பட்டறைத் தண்ணீரில் அலசியது என்று போவோர் வருவோரிடமெல்லாம் காட்டினாராம்.

இதைவிடப் பெரிய லைசென்ஸ் எந்த ஆபீஸில் கிடைக்கும்?