தெருவுக்குக் குறுக்கே குடம்

எனக்கு எழுபத்து நாலு வயசு. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. அண்ணன் போன பிறகு அவன் பிள்ளைகள் ரெண்டும் என் வீட்டில்தான் சாப்பிட்டு வளர்ந்தன. வள்ளூரில் எங்கள் தெருவுக்கு ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் வீட்டுப் படிகள். நடுவில் லாரி வந்தால் மனுசருக்கு நிற்க இடமில்லை.

அந்தத் தெருவில்தான் போன வருசம் ஜல்லி லாரிகளை விட்டார்கள். ஏதோ புதுக் கட்டடமாம். பள்ளிக்கூடம் போகிற என் பேத்தி, லாரி வந்தால் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நிற்பாள். ஒருநாள் அவள் நின்று இறங்கின படியையே அடுத்த லாரி பெயர்த்துவிட்டுப் போனது. பள்ளிக்கூட நேரத்தில் மட்டும் ஓட்டாதீர்கள் என்று கட்டடக்காரர்களிடம் மூணு தடவை போய்க் கேட்டேன். தலையை ஆட்டினார்கள், அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் தண்ணி லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்தால் ஆளே நிற்கிற மாதிரி. அடுத்தவள் குடத்தை யாரும் தொடமாட்டோம். தொட்டால் செத்துப்போன பாட்டன் வரைக்கும் திட்டு விழும். மூணாவது தடவை கேட்டுவிட்டு வந்த மறுநாள் காலையில் அந்த வரிசையை ஓரமாக வைக்காமல் தெருவுக்குக் குறுக்கே வைத்தேன். முதலில் என் குடம். அப்புறம் வீட்டுக்கு வீடு வந்தது.

ஏழெட்டு ஜல்லி லாரி நின்று ஹாரன் அடித்தன. முன்னால் நின்ற டிரைவர் இறங்கி வந்தான். "இன்னா ஆயா இது, எடு."

"என்னுது பச்சைக் குடம் நைனா. இதோ எடுத்துட்டேன்" என்று தூக்கி, வரிசைக் கடைசியில் வைத்தேன். "மத்தது என்னுது இல்ல. நீ வேணா தொட்டுப் பாரு."

வாசல்களில் நின்ற பெண்களை ஒரு சுற்று பார்த்தான். போனை எடுத்தான்.

கட்டட சூப்பர்வைசர் வந்து, பார்த்துக்கொள்கிறோம் என்றார். எழுதிக் கொடு என்றேன். 'முயற்சி செய்கிறோம்' என்று எழுதினார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் அந்த வார்த்தைமேல் விரலை வைத்து, இது வேண்டாம் என்றேன். 'பள்ளிக்கூட நேரத்தில் ஓட்ட மாட்டோம்' என்று எழுதின பிறகுதான் என் குடத்தைத் தூக்கினேன். பின்னாலேயே மற்றவர்களும் எடுத்தார்கள்.

இப்போது வந்திருக்கிற புது சூப்பர்வைசர், கிழவி வைத்திருக்கிற துண்டுச் சீட்டுக்கெல்லாம் வண்டி நிற்காது என்றாராம். அதனால்தான் நடந்ததை நானே எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதினேன். நாளைக் காலை தண்ணி வரிசையில் எல்லார் முன்னாலும் படிப்பேன். அவரும் வந்து கேட்கட்டும்.

இந்தாம்மா பேத்தி, நான் எழுதின தாளு இது, உக்காரு. ஒரு தபா சத்தமாப் படிச்சுக் காட்டு. நான் கெஞ்சற மாதிரி எங்கியாவது கீதுன்னா அங்கியே நிறுத்து.