ஒன்பதாவது வரி

படக்காவின் உண்மையான பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. வாசலில் நிற்கும் காவலாளி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவள் படக்காதான். கணினிக்கு நிரல் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் எடிட்டர் ஒன்றைச் செய்து விற்கிற சின்ன கம்பெனி அது. எழுத்துக்காகச் செய்த பொருளில் ஜனங்கள் படத்தையும் திறந்து பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, படம் தெரியவில்லை, படுத்துக்கொண்டு தெரிகிறது, படத்தின் பின்னால் சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் தெரிகிறது, மாற்றிய பிறகும் பழைய படத்தையே காட்டுகிறது என்று புகார் எழுதுவார்கள். அத்தனையும் அவள் மேஜைக்கு வரும். பதினோரு வருடமாக வருகிறது.

அவள் பதில் எழுதினால் ஊருக்குப் போன பெண் வீட்டுக்கு எழுதின கடிதம் மாதிரி இருக்கும். வணக்கத்தில் தொடங்கி, இதைச் செய்யுங்கள், அதைச் செய்யாதீர்கள், இப்படி வந்தால் பயப்படாதீர்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடிப்பாள். "படக்கா பதிலைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள கஸ்டமர் வேற எடிட்டர் வாங்கிடுவார்" என்று பக்கத்து மேஜைக்காரி கேலி செய்வாள். செய்யட்டும். ஆனால் படக்காவிடம் ஒரு தடவை கேட்டவர் அதே சந்தேகத்தோடு இரண்டாவது தடவை வந்ததில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு.

அவள் எழுதிவைத்த பதில்களில் பேர்போனது, 'படம் திறக்கவில்லை' என்பவர்களுக்கான ஒன்பது வரிப் பதில். சில சமயம் கோப்பின் பெயர் ஒரு வகைப் படம் என்று சொல்லும், உள்ளே வேறு வகை இருக்கும். எடிட்டர் குழம்பிப்போய் 'காட்ட இயலவில்லை' என்று கைவிரித்துவிடும். அப்போது அதே கோப்பை எழுத்தாகத் திறக்க வேண்டும். கன்னாபின்னாவென்று குறிகள் கொட்டும். ஆனால் முதல் வரியில் நாலைந்து எழுத்து தெளிவாகத் தெரியும். உள்ளே இருப்பது எந்த வகை என்று அது காட்டிக்கொடுத்துவிடும். வணக்கத்தையும் சேர்த்து இதெல்லாம் எட்டு வரி. ஒன்பதாவது வரி இது: 'மூடும்போது சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லவும். சேமித்தால் படம் அழிந்துவிடும்.'

போன வருடம் புது மேலாளர் வந்தார். படக்காவைவிடப் பதினைந்து வயது சின்னவர். நல்ல மனிதர்தான். எதையும் அளந்து பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. எந்தப் பதிலும் எட்டு வரியைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டார். தாண்டினால் திரையில் ஓரம் சிவக்கும்.

"அக்கா, ஒரே ஒரு வரிதான். குறைச்சிடுங்களேன்."

"எதைத் தம்பி எடுக்கறது? எல்லாமே வேணும்."

"வணக்கத்தை எடுத்துடுங்க. அதுவே ஒரு வரி."

"வணக்கம் சொல்லாம நான் யார்கிட்டயும் பேசினதில்லை."

மூன்று நாள் இழுபறி. படக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நான்காம் நாள், "ஒரு வரிதானே? இந்தாங்க, எடுத்தாச்சு" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு ஒன்பதாவதை வெட்டினாள். கடைசியில் இருந்தது, கைக்கு வாகாக வந்தது, அவ்வளவுதான். படத்தை எழுத்தாகத் திறந்து அதைப் போய் யாராவது சேமிப்பார்களா என்று சமாதானமும் சொல்லிக்கொண்டாள். வணக்கம் பிழைத்தது.

பல மாதங்கள் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் லிஃப்ட் மெக்கானிக்கின் கடிதம் வந்தது.

அவர் நிரல் எழுதுகிறவர் இல்லை. தன் பழுதுபார்க்கும் கடைக்கு ஒரு வலைப்பக்கம் வேண்டும் என்று தானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவர். மனைவி இறந்து ஏழு மாதம் ஆகிறதாம். அந்த வலைப்பக்கத்தின் ஒரு மூலையில் அவள் படத்தைப் போட நினைத்தாராம். கடிதத்தில் எழுதியிருந்தார்: 'போட்டோ எடுக்கப் போனால் முகத்துக்கு நேரே கையைக் கொண்டுவந்துவிடுவாள். இருபத்தெட்டு வருடத்தில் கை இறங்கியிருக்கும் படம் இது ஒன்றுதான். சிரிக்கிறாள். எப்போது எடுத்தேன் என்று ஞாபகம் இல்லை. கணினியில் ஏற்றிய மறுவாரம் போன் லிஃப்ட் குழிக்குள் விழுந்து தூளாகிவிட்டது. இப்போது திறந்தால் காட்ட இயலவில்லை என்கிறது.' கோப்பின் அளவு கேட்ட கட்டத்தில் ஒன்று புள்ளி ஒன்பது எம்பி என்று நிரப்பியிருந்தார்.

படக்கா எட்டு வரிப் பதிலை எடுத்தாள். தலையில் ஆறுதலாக ஒரு வரி சேர்த்தாள். ஓரம் சிவந்தது. அந்த வரியை அழித்துவிட்டு அனுப்பினாள்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. சொன்னபடியே செய்திருந்தார். முதல் வரியில் தெரிந்த எழுத்துகளைக் குறித்து அனுப்பியிருந்தார்: எஃப், டி, ஒய், பி. அதை ஒட்டி எச், இ, ஐ, சி. படக்காவுக்கு ஒரே சந்தோஷம். புதிய போன்கள் எடுக்கிற வகைப் படம் அது. வலைப்பக்கத்துக்கு ஜேபிஜிதான் வேண்டும் என்று யாரோ சொல்ல, மனிதர் கோப்பின் பெயரில் மட்டும் வாலை மாற்றி ஜேபிஜி என்று வைத்திருக்கிறார். முறையாக மாற்றிக்கொடுக்கிற மென்பொருள் இருக்கிறது, ஒரு நிமிட வேலை. அதன் பெயரை எழுதி, 'கவலை வேண்டாம், உங்கள் படம் பத்திரமாக இருக்கிறது' என்று முடித்தாள்.

மறுநாள் காலை கோப்பையே அனுப்பிவைத்திருந்தார். அந்த மென்பொருளும் திறக்க மாட்டேன் என்கிறதாம். படக்கா முதலில் அளவைத்தான் பார்த்தாள். மூன்று புள்ளி நான்கு. படம் என்ன பிள்ளையா, ஒரு நாளில் வளர்வதற்கு?

திறந்து பார்த்தாள். கறுப்பு வைர வடிவத்துக்குள் ஒரு கேள்விக்குறி. அது மாதிரி பக்கம் பக்கமாக, ஆயிரம் ஆயிரமாக. படத்தை எழுத்தென்று நினைத்துப் படித்த எடிட்டர், புரியாத இடத்தில் எல்லாம் இந்தக் குறியைக் காட்டும். காட்டுவதோடு நின்றால் பாதகம் இல்லை. சேமித்தால், இருந்ததை எடுத்துவிட்டு அந்தக் குறியையே எழுதிவிடும். முன்னால் அங்கே என்ன இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

மூடும்போது சேமித்தீர்களா என்று கேட்டு எழுதினாள். 'ஆமாம் அம்மா. எழுத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளும்போது கை பட்டு ஏதோ அழுந்திவிட்டது போல. சேமிக்கவா என்று கேட்டது. சேமிப்பது நல்லதுதானே என்று ஆமாம் சொன்னேன்.'

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினாள். அவள் கணவர் பல்செட் செய்கிறவர். கூடத்து மேஜையில் யார் யாருடைய வாயோ மாவு அச்சாக வரிசையில் இருக்கும். ஓர் அச்சைச் சுரண்டிக்கொண்டே விஷயத்தைக் கேட்டார்.

"சேவ் பண்ணது அவர்தானே? நீ என்ன செய்வே?"

"அந்த வரியை எடுத்தது நான்தானேங்க."

"எல்லா வேலையிலும் தப்பு வரும். என் வேலையைப் பாரு. அச்சு உடைஞ்சா, அவங்களைத் திரும்பக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்றோம்..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அச்சை மேஜையில் வைத்துவிட்டு அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் மேலாளரிடம் போய் நின்றாள்.

"எழுதிவச்சிருக்கறதுல நாப்பத்தி ஒண்ணாவது பதிலை அனுப்புங்கக்கா. 'கோப்பு சேதமடைந்துள்ளது, வருந்துகிறோம்.' நம்ம தப்புன்னு மட்டும் எழுதிடாதீங்க."

"நம்ம தப்புதானே தம்பி? ஒரு வரியை எடுக்கச் சொன்னது நீங்கதானே?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் வணக்கத்தைத்தானே எடுக்கச் சொன்னேன்?" என்றார் மெதுவாக.

அவர் சொன்னது உண்மை.

காலை முழுவதும் அந்தக் கெட்டுப்போன கோப்போடு மல்லாடினாள். வேறு புகார் எதையும் தொடவில்லை. ஒவ்வொரு வரியாக இறக்கிப் பார்த்தாள். இந்தச் சேதத்தில் சாதாரண ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் தப்பிக்கும் என்று அவளுக்குத் தெரியும். கேள்விக்குறிகளுக்கு நடுவே ஓரிடத்தில் போன் கம்பெனியின் பெயர் கிடைத்தது. அதை அடுத்து ஒரு தேதியும் நேரமும். மூன்று வருடத்துக்கு முந்தைய ஜூன் பதினேழு, மாலை ஐந்து நாற்பத்திரண்டு, பத்து விநாடி. மொத்தப் படத்திலும் மிஞ்சியது அவ்வளவுதான். அதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டாள்.

வாடிக்கையாளரைப் போனில் கூப்பிடக் கூடாது என்பது விதி. மதியம் மாடிப்படித் திருப்பத்தில் நின்றுகொண்டு கூப்பிட்டாள். அந்தப் பக்கம் துளை போடும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்கம்மா! சரியாயிடுச்சா?"

ஒத்திகை பார்த்து வைத்திருந்தது எல்லாம் பறந்துவிட்டது. "இல்லீங்க. இனிமே ஆகாதுங்க. படம் போயிடுச்சு. அதுக்கு நான்தான் காரணம். சேவ் பண்ணாதீங்கன்னு அதுல ஒரு வரி இருந்துச்சு. நான்தான் எடுத்துட்டேன்."

துளை போடும் சத்தம் நின்றது. யாரையோ கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார்.

"எதுக்கும்மா எடுத்தீங்க?"

"கோபத்துலங்க. வேற ஒருத்தர் மேல இருந்த கோபத்துல."

"நாங்க லிஃப்ட் கூண்டு மேல ஏறினா, கீழ மெயின் சுவிட்ச்ல ஒரு போர்டு மாட்டுவோம். 'ஆள் வேலை செய்கிறார், தொடாதே'ன்னு. முப்பது வருஷமா மாட்டறேன். அந்த போர்டை நம்பித்தாம்மா மேல ஏறறதே."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் படக்கா எப்படியோ தாங்கியிருப்பாள்.

"என்னைத் திட்டிடுங்க."

"திட்டினா அவ முகம் வந்துடுமா?"

அவளுக்குப் போனை வைத்துவிடலாமா என்று இருந்தது. காகிதத்தைப் பிரித்தாள். "படம் எடுத்த தேதி மட்டும் உள்ள அழியாம இருக்குங்க. சொல்லட்டுமா?" என்று கேட்டு, நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"எத்தனை மணி சொன்னீங்க?"

"சாயங்காலம் அஞ்சு நாப்பத்திரண்டு."

"ஜூன் பதினேழு..." என்றவர் திடீரென்று ஒரு மாதிரி சிரித்தார். "ஐயோ, அன்னிக்கா! எங்க பில்டிங் லிஃப்டை நான்தாம்மா கழட்டிப் போட்டிருந்தேன். அஞ்சாவது மாடி வீடு. அவ கடைக்குப் போயிட்டு ரெண்டு கையிலயும் பையைத் தூக்கிட்டு ஏறி வரா. நான் மேல நின்னு போனை நீட்டறேன். 'எடுங்க, நல்லா எடுங்க, லிஃப்ட் மெக்கானிக் பொண்டாட்டி படியேறற அழகை உங்க கடை விளம்பரத்துல போடுங்க'ன்னா. ரெண்டு கையிலயும் பை. அதாம்மா கை வரல."

அதோடு சிரிப்பு உடைந்துவிட்டது. படக்கா சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் அழுதாள்.

"படம்தான் இருக்கேன்னு மனசுல வச்சுக்காம விட்டுட்டேம்மா" என்றார் கடைசியில். "அந்தத் தேதியும் நேரமும் மட்டும் எழுதி அனுப்பிடுங்க. மறுபடி மறந்துடப் போறேன்."

மேஜைக்கு வந்ததும் ஒன்பதாவது வரியைத் திரும்பச் சேர்த்தாள். கடைசியில் இல்லை, தலையில். திரையின் ஓரம் சிவந்தது. சிவக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அப்புறம் மெக்கானிக்குக்குத் தேதியையும் நேரத்தையும் தட்டினாள். அதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன எழுதுவது என்று தெரியாமல் அப்படியே அனுப்பினாள். மறுநாள் பார்த்தால், புகார் எண்ணுக்கு நேரே அவர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்.

மாதக் கடைசிக் கூட்டத்தில், சுருக்கமான பதில், முழு நட்சத்திரம் என்று இயந்திரம் தானே பொறுக்கி எடுத்த பதிலைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். ஒரு தேதி, ஒரு நேரம். கீழே புகார் எண்ணும் படக்காவின் ஊழியர் எண்ணும். எல்லோரும் கை தட்டினார்கள். எந்தப் புகார் என்று மேலாளர் கண்டுகொண்டதும் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப் பார்த்தார். பதற்றத்தில் கை வழுக்கி, அந்தப் பக்கம் அங்கேயே நின்றது.

"என்ன படக்கா, அதிசயமா இருக்கு?" என்று பக்கத்து மேஜைக்காரி தோளில் இடித்தாள். "வணக்கத்தைக்கூட எடுத்துட்டீங்களே!"

படக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வருஷமே எடுத்திருக்கணும்" என்றாள்.