காலிஃப்ளவர் தயிர்சாதமும் ஒரு துண்டு பனங்கட்டியும்

போன வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை. மெல்பர்னுக்குக் கிழக்கே, லில்லிடேல் தாண்டி, ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடத்தில் நானும் என் வீட்டுக்காரரும் சைக்கிள் ஓட்டப் போனபோது நடந்தது இது. தண்டவாளத்தை எப்போதோ பெயர்த்து எடுத்துவிட்டு, சன்னமான ஜல்லி பரப்பி, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டிருக்கிறார்கள். இருபுறமும் யூகலிப்டஸ் மரங்கள், வேலிக்கு அப்பால் மாடுகள், ஸ்ட்ராபெர்ரித் தோட்டங்கள். அழகான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே கடுப்பில்தான் கிளம்பினேன்.

ஏன் கடுப்பு என்று கேட்கிறீர்களா? இவருக்குச் சர்க்கரை. இரண்டு வருடமாக இன்சுலின். உடற்பயிற்சி செய்யச் சொல்லி டாக்டர் ஒரு வார்த்தை சொன்னாலும் சொன்னார், மனிதர் சைக்கிள் பைத்தியம் ஆகிவிட்டார். உட்காரும் இடத்தில் பஞ்சு வைத்த டிராயர், கண்ணைப் பறிக்கும் மஞ்சள் சட்டை, மாக்பை பறவை தலையில் கொத்தாமல் இருக்க ஹெல்மெட் முழுக்க ஈட்டி மாதிரி நிற்கும் பிளாஸ்டிக் பட்டிகள். ஆள் ரெடியாவதற்கே ஒரு மணி நேரம். எங்கள் வீடு இருக்கும் டார்னெய்ட்டிலிருந்து அங்கே போய்ச் சேர இன்னொரு ஒன்றரை மணி நேரம்.

அன்று காலை அவர் சைக்கிள் பையைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு பாக்கெட் ஜெல்லி மிட்டாய். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். ஏற்கனவே காரின் டேஷ்போர்டுக்குள் மைசூர்பாகு பிடித்தவள் நான். "அது வந்து, அந்த நர்ஸ் என்ன சொன்னாங்கன்னா..." என்று அவர் ஆரம்பித்தார். நர்ஸ் மிட்டாய் தின்னச் சொன்னாளா, யாரிடம் கதை விடுகிறீர்கள் என்று ஒரே போடாகப் போட்டு, பாக்கெட்டைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். அவர் போய் காரில் உட்கார்ந்துகொண்டார். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

போகும்போது சைக்கிள் தானாகவே ஓடியது. நீராவி எஞ்சினால் செங்குத்தான மேட்டில் ஏற முடியாதாம், அதனால் சரிவே தெரியாதபடி மலையைச் சுற்றிச் சுற்றிப் பாதை போட்டார்களாம். இதை அவர் ஒரே நாளில் ஐந்து தடவை சொன்னார். பழைய பிளாட்பாரம் ஒன்று வந்தால் இறங்கிப் படம் எடுப்பார். பலகை இருந்தால் கடைசி எழுத்து வரை படிப்பார். ரோடு குறுக்கிடும் இடத்தில் கேட் இருந்தால் அதையும் படம் எடுப்பார். ஈ வேறு மூக்கையும் கண்ணையும் மொய்க்கிறது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பதினெட்டு கிலோமீட்டர் போனதும் ஒரு மர மேசை கிடைத்தது. மதியச் சாப்பாடு. இங்கேதான் நான் ஒரு சாமர்த்தியம் செய்தேன். தயிர்சாதம் என்று சொல்லி டப்பாவில் கொண்டுபோனது சாதமே இல்லை. காலிஃப்ளவரைத் துருவி, வேகவைத்து, தயிர் கலந்து, கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்தது. மாதுளம் முத்துகள்கூடப் போடவில்லை, இனிப்பாயிற்றே. பார்த்தால் அசல் தயிர்சாதம்தான். எங்கள் தோழிகள் குழுவில் இந்தச் செய்முறைக்கு ஏகப்பட்ட பாராட்டு. தொட்டுக்கொள்ள வெள்ளரிக்காயும் வறுத்த வேர்க்கடலையும்.

அவர் வழக்கம்போல முதலில் இன்சுலின் ஊசிப் பேனாவை எடுத்து, சோறு சாப்பிடும் அளவுக்கு வைத்து, வயிற்றில் போட்டுக்கொண்டார். பிறகுதான் டப்பாவைத் திறந்தார். முதல் கவளம் வாயில் வைத்ததும் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். அவர் மொத்தத்தையும் சாப்பிட்டு முடித்தார்.

திரும்பும்போதுதான் அந்தத் தெரியாத சரிவின் குணம் தெரிந்தது. வரும்போது இறங்கியது எல்லாம் இப்போது ஏற்றம். ஊர் ஒன்றைத் தாண்டும்போது பேக்கரி முன்னால் அவர் பிரேக் பிடித்தார். எனக்குத் தெரியாதா அந்த பிரேக் எதற்கு என்று? அதெல்லாம் ஒன்றும் வேண்டாம், மிதிங்க என்றேன். மிதித்தார்.

அதற்கப்புறம் மனிதர் நத்தையாகிவிட்டார். நான் முன்னால் போய்க் காத்திருப்பேன், அவர் ஆடி அசைந்து வருவார். கேட்டால் பதிலே வராது. ஒரு இடத்தில் பாதையை விட்டுப் புல்லுக்குள் போய்த் திரும்பி வந்தார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஆசைப்பட்டது நீங்கள், மிதிக்க வலிக்கிறதா, இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டாமா என்று வழி நெடுக அர்ச்சனை. கடைசியில் ஒரு கேட் முன்னால் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ரயில் போகட்டும், அப்புறம் போலாம்" என்றார்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. நானும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கையைப் பிடித்து எழுப்பலாம் என்று போனேன். கை ஜில்லென்று இருந்தது. நான் ஜாக்கெட் போட்டும் நடுங்குகிற காற்றில் அவர் மஞ்சள் சட்டை வேர்வையில் தொப்பலாக ஒட்டிக்கிடந்தது. உதடு நடுங்கியது. கண் என்னைப் பார்த்தது, ஆனால் நான் யார் என்று அதற்குத் தெரிந்த மாதிரி இல்லை.

சர்க்கரை ஏறினால் ஆபத்து என்றுதான் இத்தனை வருடம் எனக்குத் தெரியும். இறங்கினால் என்ன ஆகும் என்று நான் யாரையும் கேட்டதில்லை, சொல்ல வந்தவரையும் விட்டதில்லை. ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேன். அந்தப் பக்கம் பேசிய பெண் நிதானமாகக் கேட்டாள்: கடைசியாக என்ன சாப்பிட்டார்? கையில் ஜூஸ், மிட்டாய், சர்க்கரை ஏதாவது இருக்கிறதா? சோற்றுக்கென்று போட்ட ஊசிக்குச் சோறு உள்ளே போகவில்லை, சர்க்கரை இறங்கிவிட்டது, விழுங்க முடிகிறது என்றால் உடனே இனிப்பு கொடு, வண்டி வர நேரமாகும் என்றாள். பையைத் தலைகீழாகக் கொட்டினேன். வெள்ளரித் துண்டுகளும் வேர்க்கடலையும்தான் விழுந்தன. இனிப்பே இல்லாமல் பார்த்துப் பார்த்துக் கட்டிய பை அது. ஒன்றுமே இல்லை என்று அந்தப் பெண்ணிடம் சொல்லும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு பழைய சைக்கிள் வந்தது. ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். வேலைக்குப் போகும் பூட்ஸ், அழுக்கான ஜாக்கெட், பின்னால் பால் பாட்டில் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்று கட்டியிருந்தது. நான் தமிழில் புலம்பிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்க வேண்டும். இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, அண்ணைக்குச் சீனி வருத்தமோ?" இலங்கைத் தமிழ். சர்க்கரை வியாதியா என்று கேட்கிறார்.

தலையை ஆட்டினேன். கிரேட்டிலிருந்து ஒரு பிளாஸ்கும் சின்ன டப்பாவும் எடுத்தார். டப்பாவில் பனங்கட்டி, நாம் கருப்பட்டி என்போமே அதுதான். அவர்கள் பக்கத்தில் வெறும் தேநீரை அதைக் கடித்துக்கொண்டுதான் குடிப்பார்களாம். பெரிய துண்டு ஒன்றை மூடியில் நசுக்கி, கொஞ்சம் தேநீர் விட்டுக் கரைத்தார். என் வீட்டுக்காரரின் முதுகைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு, "மெல்ல மெல்ல விழுங்குங்கோ அண்ணை" என்று வாயருகே பிடித்தார். முதல் வாய் பாதி சட்டையில் வழிந்தது. இரண்டாவது உள்ளே போனது. மூன்றாவது வாய்க்கு இவரே மூடியைப் பிடித்துக்கொண்டார்.

இருபது நிமிடம் இருக்கும். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, சைக்கிள் ஏன் கீழே கிடக்கிறது, கியர் கோணிவிடப் போகிறது என்று கேட்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்வதா நாலு போடுவதா என்று தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த மனிதர் எங்களோடு இருந்தார். பக்கத்து ஸ்ட்ராபெர்ரித் தோட்டத்தில் மாலை வேலையாம். அகதியாகப் படகில் வந்தவராம், இத்தனை வருடம் ஆகியும் தற்காலிக விசாதானாம். கார் இல்லாததால் தினமும் இந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறாராம். நாங்கள் உல்லாசமாகச் சுற்றிப் பார்க்க வந்த பாதை அவருக்கு வேலைக்குப் போகும் ரோடு. வேலைக்கு நேரமாகிவிட்டதே என்றேன். "அது பரவாயில்லை அக்கா, நான் சொல்லிச் சமாளிப்பன்" என்றார்.

பிறகு என் வீட்டுக்காரரிடம் அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், சீனி இறங்கும் என்று முன்னமே தெரியவில்லையா என்று. இவரும் சாதாரணமாகத்தான் பதில் சொன்னார். கோபமே இல்லை, பஸ் லேட் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"டப்பாவத் தொறந்தப்பவே தெரியும் தம்பி, அது சோறு இல்லன்னு. வழியில பேக்கரியில ஏதாவது வாங்கிக்கலாம்னுதான் நெனச்சேன். சொன்னா கத்துவா."

அந்தத் தம்பி என் முகத்தைப் பார்க்காமல் பிளாஸ்கை மூடினார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து விரலில் குத்திப் பார்த்து, நல்ல நேரத்தில் இனிப்புக் கொடுத்தீர்கள் என்று என்னைப் பாராட்டினார்கள். நான் இல்லை, அவர்தான் என்று கையைக் காட்டினேன். அதற்குள் அவர் சைக்கிளில் ஏறியிருந்தார்.

இப்போதும் நான் திட்டாமல் இல்லை. திருந்திவிட்டேன் என்று சொன்னால் எங்கள் வீட்டுச் சுவர்கூட நம்பாது. ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்க இவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் எனக்குப் பொறுமை போய்விடுகிறது, அதுவும் உண்மை. ஆனால் உயிர் போகிற நேரத்தில்கூட இந்த மனிதர் பயந்தது சாவுக்கு இல்லை, என் சத்தத்துக்கு. அதனால் இவர் ஏதோ சொல்ல வந்து பாதியில் நிறுத்தினால், அடுப்பை அணைத்துவிட்டு வந்து, முழுசாகச் சொல்லி முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்துவிடுகிறேன்.